சமயத்தைப் பாடமாக்கிய பேராசான் தர்மானந்த கோசாம்பி

சமயத்தை வழிபடுவது ஒன்று. சமயத்தை ஆராய்ந்து கற்பது பிறிதொன்று. முன்னதற்கு நம்பிக்கை போதும். பின்னதற்கோ மொழியறிவும், மூலநூற் பயிற்சியும், காய்தல் உவத்தல் இன்றிச் சான்றுகளை எடைபோடும் நெஞ்சமும் வேண்டும். நம் முன்னோர் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட மட்டும் விடப்பட்டனர். ஏட்டைத் திறந்து படிக்க விடப்படவில்லை. ஏட்டில் இன்னதுதான் எழுதியிருக்கிறது என்று பிறர் சொன்னதை நம்பி, அதன் பேரால் வந்த இழிவையெல்லாம் அவர்கள் சுமந்தனர். ஆதலின், சமயம் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாயிற்று என்னும் செய்தி மற்றவர்க்கு ஒரு பாடத்திட்டச் செய்தியாக இருக்கலாம்; நமக்கு அது பூட்டிய கதவொன்று திறந்த செய்தியாகும்.

அக்கதவைத் திறந்தவருள் ஒருவர் பேராசிரியர் தர்மானந்த கோசாம்பி ஆவார். பட்டம் எதுவும் பெறாமலே பல்கலைக்கழகங்களில் ஆசானாக அமர்ந்த அப்பெருமகனாரின் வாழ்க்கையை நம் மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருக்கமாக வரைகின்றோம்.

இளமையும் வேட்கையும்

போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்த கோவாவில், சாங்க்வாள் என்னும் சிற்றூரில், 1876 அக்டோபர் 9ஆம் நாள் தர்மானந்தர் பிறந்தார். தந்தையார் தாமோதர், தாயார் ஆனந்திபாய். கௌட சாரசுவதப் பிராமணக் குடும்பம், தென்னந்தோப்பே பிழைப்பு. இளமையில் உடல்நலம் குன்றியிருந்தமையாலும், அவ்வூரில் பள்ளி வசதி இன்மையாலும், மராத்தி எழுதப் படிக்கக் கற்றதற்கு மேல் முறையான கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. அக்கால வழக்கப்படி இளமையிலேயே பாலாபாய் அம்மையாரை மணந்தார். தேங்காய்க் கணக்குப் பார்ப்பதும் தோப்பைக் காப்பதுமாக நாட்கள் கழிந்தன.

1897ஆம் ஆண்டு 'பாலபோத' என்னும் மராத்திச் சிறுவர் இதழொன்றில் புத்தர் பெருமானின் வாழ்க்கை வரலாற்றை அவர் படிக்க நேர்ந்தது. சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. புத்தர் உண்மையில் என்ன கூறினார், அவர் கூறியவை எந்த மொழியில், எந்த நூல்களில் உள்ளன, அவற்றை எங்கே சென்று கற்கலாம் என்னும் கேள்விகள் அவரை உறங்கவிடவில்லை. புத்தர் பிறந்த நாட்டிலேயே அக்கேள்விகளுக்கு விடை சொல்வார் அருகியிருந்த காலம் அது.

1899ஆம் ஆண்டின் இறுதியில் தர்மானந்தர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அவருடைய முதல் மகள் பிறந்ததும் அவ்வாண்டிலேதான். அவர் திரும்பி வந்து குடும்பத்தோடு சேர ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆயின. அறிவுத் தேடலின் பெருமையைப் பேசும்போது, அத்தேடலின் சுமையை வீட்டிலிருந்து தாங்கிய பாலாபாய் அம்மையாரையும் நாம் மறத்தலாகாது.

காசியும் கொழும்பும்

முதலில் அவர் சென்ற இடம் பூனா. அங்கே வடமொழிப் பேரறிஞர் இராமகிருஷ்ண கோபால் பண்டார்க்கரைக் கண்டு அறிவுரை பெற்றார். பின்னர் இந்தூர், குவாலியர் வழியாகக் காசி நகர் சேர்ந்து, சத்திரத்துச் சோற்றை உண்டு, சாத்திரிகளிடம் இலக்கணமும் வடமொழி நூல்களும் பயின்றார். கையில் காசில்லை; உடுக்க நல்லுடை இல்லை; வெயிலும் குளிரும் வாட்டின. ஆயினும் கல்வி நின்றபாடில்லை.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூறுதல் வேண்டும். காசியில் அவர் வறியவராக வாழ்ந்தார் எனினும், அவ்வறுமைக்குச் சோறிட்ட சத்திரமும், பாடம் சொன்ன திண்ணையும் பிராமணர்க்கென்றே இருந்தவை. அதே ஆண்டில், அதே வேட்கையோடு, அதே வெறுங்கையோடு நம் குலத்து இளைஞன் ஒருவன் காசிக்குச் சென்றிருப்பின், அவனுக்குச் சோறும் இல்லை, பாடமும் இல்லை. தர்மானந்தரின் உழைப்பு அவருடையது. ஆனால் அவ்வுழைப்பு முளைவிட ஒரு பிடி மண் அவருக்குக் கிடைத்தது. நம்மவர்க்கு அந்த ஒரு பிடி மண்ணும் மறுக்கப்பட்டது. இதனை நினைவிற் கொண்டு படித்தால்தான், பின்னாளில் அவர் யாருக்காகக் கதவைத் திறந்து வைத்தார் என்பதன் அருமை விளங்கும்.

1902இல் நேபாளம் சென்றார். அங்கே பௌத்தம் நலிந்திருந்த நிலை கண்டு மனம் நொந்து புத்தகயைக்கு மீண்டார். பௌத்த மூலநூல்களைக் கற்க இலங்கைக்குச் செல்வதே வழி என அறிந்து, கல்கத்தா வழியாகக் கொழும்பு சேர்ந்தார். அங்கே வித்யோதயப் பிரிவேனாவின் தலைவராக விளங்கிய இக்கடுவே ஸ்ரீ சுமங்கல மகாதேரரிடம் மாணவராகி, இளந்துறவியாகச் சீவர ஆடை பூண்டு, பாலி மொழியைக் கற்கலானார். காசியில் பெற்ற வடமொழிப் பயிற்சி பாலியைக் கற்கப் பெரிதும் துணைபுரிந்தது.

இதே சுமங்கல மகாதேரரிடந்தான், 1898ஆம் ஆண்டு, கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்ற நம் அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலம் ஏற்றார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. பண்டிதர் சென்னைக்குத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். நான்காண்டுகள் கழித்து அதே ஆசானின் திருவடிகளில் கோவா இளைஞர் அமர்ந்தார். சாதியின் இழிவை உதற ஒருவர் சென்றார்; மூலநூலின் மெய்ப்பொருளைத் தேடி மற்றவர் சென்றார். இருவர்க்கும் ஒரே வாயில் திறந்தது.

1903இல் தர்மானந்தர் சென்னைக்கு வந்து தங்கினார். பேராசிரியர் பொ. இலட்சுமி நரசுவையும், பின்னாளில் சிந்தனைச் சிற்பி எனப் போற்றப்பட்ட சிங்காரவேலரையும் அவர் சந்தித்துப் பழகியது அப்போதுதான். பௌத்தத்தைக் குருட்டு நம்பிக்கையாகக் கொள்ளாமல் அறிவின் துணைகொண்டு ஆராய்ந்த அவ்விருவரின் தோழமை அவருக்குக் கிட்டியது. அதன்பின் பர்மா சென்று தியானம் பயின்றார். சாரநாத், குசிநாரா முதலிய தலங்களையும் நேரிற் கண்டார்.

பட்டமில்லாப் பேராசிரியர்

1906இல் அவர் துறவாடையைக் களைந்து கல்கத்தாவில் ஆசிரியப் பணி ஏற்றார். பௌத்தக் கல்வி இந்நாட்டில் மீண்டும் தழைக்க வேண்டுமாயின், மடத்தில் இருந்து அதனைக் காப்பதைவிடக் கல்லூரியில் நின்று கற்பிப்பதே தக்கது என்னும் முடிவுக்கு அவர் வந்திருந்தார். தேசியக் கல்லூரியிலும், பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் பாலி கற்பித்தார். மெட்ரிகுலேஷன் தேர்வுகூட எழுதாத ஒருவர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக அமர்ந்தமை அக்காலத்தில் வியப்புக்குரிய நிகழ்ச்சியாகும்.

ஆயினும் மராத்தி மக்களிடையே இக்கல்வி பரவ வேண்டும் என்னும் ஆவல் அவரை விடவில்லை. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு மாதம் 50 ரூபாய் உதவித்தொகை அளிக்க முன்வந்தார். மகாராட்டிரத்தில் தங்கி ஆண்டுக்கொரு நூல் எழுதித் தர வேண்டும் என்பதே நிபந்தனை. கல்கத்தாவில் கிடைக்கவிருந்த மிகுதியான ஊதியத்தைத் துறந்து, தர்மானந்தர் அச்சிறு தொகையை ஏற்றார். அண்ணல் அம்பேத்கர் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பயில உதவித்தொகை அளித்தவரும் இந்த மன்னரே என்பதை நாம் நன்றியோடு எண்ணிப்பார்க்க வேண்டும்.

பூனாவில் இருந்தபோது அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஊட்ஸ் இவரிடம் பாலி பயின்றார். அத்தொடர்பால் 1910இல் ஹார்வர்டுக்கு அழைக்கப்பெற்றார். அங்கே அவருக்காகக் காத்திருந்த பணி சிறிதன்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் இலங்கையில் இயற்றிய 'விசுத்திமக்கம்' என்னும் பெருநூலைப் பதிப்பிக்கத் தொடங்கிய ஹென்றி கிளார்க் வாரன் என்னும் அறிஞர், அதனை முடிக்காமலே 1899இல் மறைந்திருந்தார். எஞ்சிய பணி கோசாம்பியின் கையில் வந்தது. அந்நூலாசிரியராகிய புத்தகோசர் நம் காஞ்சி மாநகரில் தங்கியிருந்தவர் என்பது அவர்தம் உரைநூலொன்றின் இறுதியால் அறியக்கிடக்கிறது.

பதிப்புப் பணி எத்தகையது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். சிங்கள எழுத்தில் ஒரு சுவடி. பர்மிய எழுத்தில் மற்றொரு சுவடி. ஒன்றில் உள்ள சொல் மற்றொன்றில் இராது. எழுதினோன் பிழையா, பழைய பாடமா என ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து, மூல ஆசிரியர் எழுதியிருக்கக்கூடிய சொல்லைத் துணிதல் வேண்டும். தமக்குப் பிடித்த சொல்லைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பதிப்பாசிரியனுக்கு இல்லை. சான்று காட்டும் சொல்லையே ஏற்க வேண்டும். சமயத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பதன் அடிப்படை ஒழுக்கம் இதுவே. நூல் புனிதமானது என்பதால் அதன் பிழையை மறைப்பதும் இல்லை. நூல் பகைவனுடையது என்பதால் அதில் இல்லாத பிழையைப் புகுத்துவதும் இல்லை.

ஹார்வர்டில் அவருக்கு மனத்தாங்கலும் நேர்ந்தது. அப்பதிப்பில் தம் உழைப்புக்குரிய இடம் தலைப்புப் பக்கத்தில் அளிக்கப்பட வேண்டும் என்பதில் பேராசிரியர் லான்மனுக்கும் அவருக்கும் கருத்து மாறுபாடு எழுந்தது. 1912இல் தாயகம் திரும்பினார். ஆயினும் பணியை அவர் வெறுத்தொதுக்கவில்லை. 1918, 1926, 1931ஆம் ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் அங்குச் சென்று உழைத்தார். வாரன் பதிப்பித்துக் கோசாம்பி திருத்தியது என்னும் குறிப்போடு ஹார்வர்டு கீழைநூல் வரிசையில் அந்நூல் வெளிவந்தது 1950ஆம் ஆண்டிலேதான். அதைக் காண அவர் உயிரோடு இல்லை. எனினும் அவர் தாமே தேவநாகரி எழுத்தில் பதிப்பித்த விசுத்திமக்கம் 1940இல் பம்பாயில் வெளிவந்து இந்திய மாணவர் கைக்குக் கிட்டிவிட்டது.

1912 முதல் 1918 வரை பூனா பெர்குஸன் கல்லூரியில் பாலிப் பேராசிரியராக விளங்கினார். அங்கே அவரிடம் பயின்றவருள் ஒருவர் பி. வி. பாபட். அவர் 1956இல் பௌத்தத்தின் 2500 ஆண்டு வரலாற்று நூலின் பதிப்பாசிரியராகவும், 1957இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற பௌத்தவியல் துறையின் முதல் தலைவராகவும் விளங்கினார். ஒருவர் ஏற்றிய விளக்கிலிருந்து பல விளக்குகள் எரிந்தன.

பின்னர் காந்தியடிகள் தொடங்கிய குஜராத் வித்யாபீடத்தில் பணியாற்றினார். 1929இல் சோவியத்து நாட்டின் லெனின்கிராடு நகருக்கு அழைக்கப்பெற்றுச் சென்றார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறையும் சென்றார். ஆராய்ச்சி அறையும் சிறைக்கூடமும் அவருக்குப் பகையான இடங்களாகத் தோன்றவில்லை.

ஆராய்ச்சி நெறி

1940களின் தொடக்கத்தில் மராத்தியில் வெளிவந்த 'பகவான் புத்தர்' என்னும் நூல் அவருடைய ஆராய்ச்சியின் கனியாகும். பின்னர் சாகித்திய அக்காதெமியின் முயற்சியால் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் அது வெளிவந்தது. அதில் அவர் கையாண்ட நெறியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

இளவரசர் சித்தார்த்தர் நகர்வலம் சென்றபோது முதியவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நான்கு காட்சிகளைக் கண்டு, நள்ளிரவில் எவரும் அறியாமல் அரண்மனையை நீங்கினார் என்பது நாம் பள்ளியில் படித்த கதை. கோசாம்பி பாலி மூலங்களைப் புரட்டினார். மஜ்ஜிம நிகாயத்தின் அரியபரியேசன சுத்தத்தில், பெற்றோர் கண்ணீர் வடித்து நிற்கவே தாம் தலைமயிர் களைந்து துறவு பூண்டதாகப் புத்தரே கூறுகிறார். நள்ளிரவுப் பயணம் அங்கே இல்லை. நான்கு காட்சிகளின் கதையோ, தீக நிகாயத்தின் மகாபதான சுத்தத்தில் விபஸ்ஸி என்னும் முந்தைய புத்தருக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. ஆகவே அது பிற்காலத்தில் கௌதம புத்தர்மேல் ஏற்றப்பட்டது என அவர் முடிவு செய்தார்.

அவ்வாறாயின் துறவுக்குக் காரணம் யாது? சுத்தநிபாதத்தின் அத்ததண்ட சுத்தத்தில், மக்கள் படைக்கலம் ஏந்தி ஒருவரோடொருவர் பூசலிடுவதைக் கண்டு தமக்கு அச்சமும் வெறுப்பும் தோன்றியதைப் புத்தர் கூறுகிறார். அதனை அடிப்படையாகக் கொண்டு, சாக்கியர்க்கும் கோலியர்க்கும் ரோகிணி ஆற்று நீரைப் பற்றி எழுந்த பூசலோடு துறவை இணைத்துக் காட்டினார் கோசாம்பி. 1945இல் வெளியான தமது 'போதிசத்துவர்' நாடகத்திலும் இதனையே அமைத்தார். அண்ணல் அம்பேத்கரின் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலிலும், நான்கு காட்சிக் கதை மறுக்கப்பட்டு ரோகிணி நீர்ப் பூசலே துறவுக்குக் காரணமாக விரித்துரைக்கப்படுவதை நாம் அறிவோம்.

இதனால் விளைந்த பயன் என்ன? கிழவரைக் கண்டு அஞ்சி ஓடிய இளவரசர் மறைகிறார். ஊர்ப் பூசலையும் மக்கள் துயரையும் கண்டு வழி தேடிய சான்றோர் தோன்றுகிறார். குடிநீர்க் கிணற்றின் பேரால் அடிபட்ட மக்களுக்கு, ஆற்றுநீர்ப் பூசலின் நடுவே நின்ற புத்தர் அந்நியர் அல்லர். இவ்வேறுபாட்டை நமக்குக் காட்டியது பக்தியன்று, மூலநூற் கல்வியே.

அக்கல்வி எல்லார்க்கும் இனித்ததில்லை. அக்காலத் துறவியர் ஊன் உண்டமை குறித்து அவர் பழைய நூற்சான்றுகளோடு எழுதியபோது, சமண சமயத்தாரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர் சான்றைக் கைவிடவில்லை. ஆனால் சமணத்தைப் பழிப்பவரும் அவர் அல்லர். பார்சுவநாதரின் நான்கு அறங்களைப் போற்றி அவர் தனிநூலே எழுதினார். ஒரு சமயத்தின் வரலாற்றை ஒளிவின்றி ஆராய்வதும், அச்சமயத்தின் அறத்தை மதித்து வாழ்வதும் ஒருவரிடத்தே ஒருங்கே அமையலாம் என்பதற்கு அவரே சான்று.

பகுஜன விகாரமும் இறுதி நாட்களும்

1937இல் பம்பாய் நகரின் பரேல் பகுதியில் பகுஜன விகாரம் என்னும் பௌத்த நிலையத்தை அவர் நிறுவினார். பரேல் அக்காலத்தில் நூற்பாலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த இடம். அவர்களுள் ஒடுக்கப்பட்ட மக்கள் பலர். ஹார்வர்டிலும் லெனின்கிராடிலும் பேராசிரியர்களோடு அமர்ந்து ஆராய்ந்த முதியவர், ஆலைச் சங்கொலி கேட்கும் தெருவில் உழைக்கும் மக்களுக்காக விகாரம் அமைத்தார். பலருக்கும் உரியது என்னும் பொருள்படும் பெயரையே அதற்குச் சூட்டினார். காசிச் சத்திரத்தில் ஒரு குலத்துக்கே கிடைத்த கல்வியைப் பரேலில் எல்லாக் குலத்துக்கும் பொதுவாக வைத்தார் எனலாம்.

முதுமையில் நோய் மிகுந்தது. பிறர்க்குச் சுமையாக இருத்தல் ஆகாது எனக் கருதி, சமண அறவோர் மேற்கொள்ளும் சல்லேகனை நெறியில் உணவு துறந்து, சேவாகிராமத்தில் 1947 சூன் 4ஆம் நாள் அமைதியாக உயிர் நீத்தார். அவருடைய மகன் தா. த. கோசாம்பி கணித அறிஞராகவும், இந்திய வரலாற்று ஆய்வில் புதுவழி கண்டவராகவும் புகழ்பெற்றமை உலகறிந்தது.

நம் மாணவர்க்கு

சமயத்தைப் பாடமாக எடுத்துப் படித்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது இயல்பே. பசித்த வயிற்றின் கேள்வி அது. அதனை எள்ளுதல் தகாது. மருத்துவமும் பொறியியலும் சட்டமும் நம் பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும். ஆனால் நூறு பேர் அவற்றைக் கற்கும்போது ஒருவரேனும் பாலியும் வடமொழியும் பழந்தமிழும் கற்று மூலநூல்களைத் தாமே படிப்பவராக விளங்குதல் வேண்டும். இல்லையேல் நம்மைப் பற்றி நூல்களில் என்ன எழுதியுள்ளது என்பதை இன்னமும் பிறர் வாயால்தான் கேட்டுக்கொண்டிருப்போம். அண்ணல் அம்பேத்கர் சட்டமும் பொருளியலும் கற்றதோடு அமையாமல், பாலி மொழியையும் முயன்று பயின்று அதற்கு அகராதி தொகுக்க முற்பட்டது இக்காரணம் பற்றியே. 1946இல் பம்பாயில் தாம் தொடங்கிய கல்லூரிக்குச் சித்தார்த்தர் பெயரை அவர் சூட்டியதும் ஈண்டு எண்ணத்தக்கது.

கோசாம்பி பள்ளி காணாதவர். ஆயினும் பல்கலைக்கழகம் அவரைத் தேடி வந்தது. அவருக்குக் கிடைத்த ஒரு பிடி மண் நம் முன்னோர்க்குக் கிடைக்கவில்லை. நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தந்து வருவது அந்த ஒரு பிடி மண்ணே. அதில் என்ன விளைப்பது என்பது நம் மாணவர் கையில் உள்ளது. ஏட்டைத் திறக்க இன்று எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. திறந்து படித்து, கண்ட உண்மையை அஞ்சாமல் எழுதும் ஒரு மாணவரேனும் அடுத்த விழா மலருக்குள் நம்மிடையே தோன்றுவாராயின், அதுவே இவ்வெள்ளி விழாவின் உண்மையான பயனாகும்.